மார்லி பனியனும் மாரந்தைக் குரலும்

எங்க தெருப் பையன் ஒருத்தன் பாப் மார்லி படம் போட்ட பனியனோட சுவாமிமலைக் கடைத்தெருவுல நின்னான். "யார்றா இது?" என்று கேட்டேன். "பாட்டுக்காரர்க்கா, கறுப்பர்" என்றான். சரியாத்தான் சொன்னான். "நம்ம பாட்டுக்காரர் யாரு?" என்றதும் முழித்தான். அந்த முழிப்புதான் இதை எழுத வைத்தது.

மார்லி 1945இல் ஜமைக்காவில் பிறந்தவர். கிங்ஸ்டன் நகரத்து ஏழைகள் குடியிருப்பில் வளர்ந்தவர். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர்களின் சந்ததி தன் வேரைத் தேடிப் பாடியதுதான் அவர்கள் ரெகே. 1980இல் ஜிம்பாப்வே விடுதலை விழாவில் போய்ப் பாடினார். மறு ஆண்டே, 36 வயதில், புற்றுநோயில் இறந்தார்.

நமக்கும் அப்படி ஒரு குரல் இருந்தது. கே.ஏ. குணசேகரன். 1955இல் இளையான்குடி பக்கம் மாரந்தையில் பிறந்தவர். சின்ன வயசில் பட்ட அவமானங்களை 'வடு' என்று 2005இல் புத்தகமாக்கினார். நாட்டுப்புறப் பாட்டுகளைத் தேடித் தொகுத்தார். 'பலி ஆடுகள்' நாடகம் எழுதினார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியர். சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர். இத்தனை பதவிக்குப் பிறகும் ஜனங்களுக்கு அவர் 'தன்னானே' கலைக்குழுவின் பாட்டுக்காரர்தான்.

இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா'வை ஊர் ஊராகக் கொண்டுபோனது அவர் குரல். காகிதத்தில் இருந்தது, கூட்டம் சேர்ந்து பாடுகிற பாட்டாச்சு. டெல்டாக்காரங்களுக்கு அதைக் கேட்டால் வெண்மணி ஞாபகம் வராமல் போகாது. கூடுதல் கூலி நெல் கேட்டுப் போராடிய காலத்தில், 1968 டிசம்பர் 25 இரவு, 44 பேர் குடிசைக்குள் எரிந்தார்கள். தண்டிக்கப்பட்ட மிராசுதார்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. நீதிமன்றம் தராத பதிலை ஒரு பாட்டு கேட்டுக்கொண்டே இருக்கிறது.

எங்க ஊர் வெண்கலச் சிலைக்குப் பேர் போன ஊர். வெண்கலம் கருவறைக்குப் போகும். தோல் சுடுகாட்டுக்குப் போகும். பறையடித்தவனுக்கு ஊர் கொடுத்தது இழவுச் சேதியும் இழிபேரும். அதனால் பறையைத் தூக்கி எறி என்று சொன்னவர்களும் நம்மவர்களே. அந்தக் கோபம் நியாயமானது.

ஜமைக்காவில் தோட்ட முதலாளிகள் அடிமைகளின் முரசுக்குச் சட்டம் போட்டுத் தடை விதித்தார்கள். இங்கே ஆண்டைகள் அடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினார்கள். அடிக்காதே என்பதும் அடி என்பதும் ஒண்ணுதான்: முடிவு அடிக்கிறவன் கையில் இல்லை. மார்லி காலத்தில் ரஸ்தாபாரிகளின் முரசு ரெகேக்குள் வந்து உட்கார்ந்தது. குணசேகரன் போன்றவர்கள் பறையைச் சாவு வீட்டிலிருந்து போராட்ட மேடைக்குக் கொண்டுவந்தார்கள். கட்டளைக்கு அடிப்பது வேறு, நாமே முடிவு பண்ணி அடிப்பது வேறு. அந்த வித்தியாசத்தைப் பாடிக் காட்டியதுதான் அவர் வேலை.

2016 ஜனவரியில் அவர் போனார். அதே டிசம்பரில் இன்குலாபும் போனார். 2018இல் சென்னையில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பிள்ளைகள் மேடையேறியபோது, அந்த வழி ஏற்கெனவே நடந்து பழகிய வழியாக இருந்தது.

எழுத்தாளனுக்கு நூலகம் இருக்கிறது. பாட்டுக்காரனுக்கு என்ன இருக்கிறது? பழைய கேசட்டுகள் பரணில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. உங்க வீட்டில் ஒன்று கிடந்தால் எடுத்துத் துடையுங்கள், பதிவு செய்து பத்திரப்படுத்துங்கள், சங்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

அந்தப் பையன் பனியனைக் கழற்ற வேண்டியதில்லை. மார்லி நமக்கு அந்நியர் இல்லை. அவனுக்குக் குணசேகரன் பாட்டை அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டுச் சொல்றேன்க்கா என்றிருக்கிறான்.