நீரை ஆக்கும் நுண்ணங்கிகள்

வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. கலைப் பட்டதாரியான என்னை அண்மைக்காலத்தில் மிகவும் கவர்ந்ததோ, கொதிக்கும் ஊற்றொன்றில் அசைந்த இளஞ்சிவப்பு இழைகளின் வரலாறாகும்.

1960களின் நடுப்பகுதியில் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் தோமஸ் புறொக், யெலோஸ்ரோன் தேசியப் பூங்காவின் வெந்நீர் ஊற்றுகளை ஆராய்ந்தார். ஒக்ரோபஸ் என்னும் ஊற்றிலிருந்து வழிந்தோடும் நீரில், 80 பாகை செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில், அவ்விழைகள் செழித்திருக்கக் கண்டார். ஏறத்தாழ 73 பாகைக்கு மேல் ஒளித்தொகுப்பு நிகழ்வதில்லை. அவ்வாறாயின், இவை எதனை உண்டு வாழ்கின்றன? அவற்றை ஆய்வுகூடத்தில் வளர்க்க அன்று இயலவில்லை. வினா விடையின்றி நின்றது.

1966 இல் அதே பூங்காவின் வேறோர் ஊற்றிலிருந்து பெறப்பட்ட தேர்மஸ் அக்குவாற்றிக்கஸ் என்ற பற்றீரியாவோ உலகப் புகழ் எய்தியது. அதன் நொதியமே பி.சி.ஆர். முறைக்குக் கைகொடுத்தது. கொவிட் காலத்தில் அம்முறையின் பெயரை அறியாதார் இல்லை.

இழைகள் காத்திருந்தன. 1992 இல் ஜேர்மனியின் ரெகன்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொபேட் ஹூபர், கார்ல் ஸ்ரெற்றர் குழுவினர், ஐஸ்லாந்துக்கு வடக்கே கடலடியில் கிடைத்த அக்குவிபெக்ஸ் என்ற பற்றீரியாவை அறிமுகஞ் செய்தனர். 95 பாகை வரை வளரும் இது, ஐதரசனை ஒட்சிசனுடன் சேர்த்துச் சக்தி பெறுகின்றது. அதனால் விளைவது நீர். அதன் இலத்தீன் பெயருக்கும் 'நீரை ஆக்குவோன்' என்பதே பொருள். 1998 இல் ஹூபர் குழுவினர் ஒக்ரோபஸ் ஊற்றின் இழைகளையும் வளர்த்தெடுத்து, தேர்மோகிறினிஸ் றூபர் எனப் பெயரிட்டனர். அக்குவிபெக்ஸின் உறவான அது, ஐதரசனைக் கொண்டும் கந்தகத்தைக் கொண்டும் வாழ வல்லது.

எனினும், இத்தகைய ஊற்றுகளில் கந்தகமே முதன்மை உணவென்ற எண்ணம் நீடித்தது. அங்கு வீசும் நாற்றம் அப்படி! ஐதரசனுக்கோ நிறமுமில்லை, மணமுமில்லை. 2005 இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஜோன் ஸ்பியர், நோர்மன் பேஸ் குழுவினர் ஊற்று நீரில் கரைந்திருந்த ஐதரசனை அளந்தனர். அங்கு வாழ்வனவற்றின் மரபணுக்களையும் ஆராய்ந்தனர். 70 பாகைக்கு மேற்பட்ட அவ்வூற்றுகளில் ஐதரசனே முதன்மைச் சக்தி மூலம் என்பது அவர்களது முடிவு.

புறொக் 2021 இல் காலமானார். அவர் ஆராய்ந்த ஊற்றுகளில் ஒன்று மருத்துவத்தை மாற்றியது. மற்றொன்று, சூரிய ஒளியின்றியும் உயிர் தழைக்கும் வழியொன்றைக் காட்டியது. 1966 இல் இவ்விரண்டில் எது பயன் தரும் என்று எவராலும் சொல்லியிருக்க முடியாது. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குமுன் "இதனால் என்ன பயன்?" என்று மட்டும் கேட்போர் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று.