புதுச்சேரியில் மாதவிலக்கு வழக்கங்கள்

மாதவிலக்கு வழக்கங்கள் என்பவை, மாதவிடாய் நாட்களில் பெண்கள் ஒதுங்கி இருக்கவேண்டும் என்ற நம்பிக்கையிலிருந்து எழுந்த சடங்குகளும் தடைகளும் ஆகும். தமிழகத்தின் பிற பகுதிகளைப் போலவே, 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியிலும் இவை நிலவின. இவ்வழக்கங்கள் ஐரோப்பிய மொழிகளில் பதிவானதில் இந்நகருக்குத் தனிப் பங்கு உண்டு.

சொற்கள்

தொல்காப்பியம் இதனைப் பூப்பு என்கிறது. பூப்புத் தோன்றியபின் பன்னிரண்டு நாட்கள் கணவன் மனைவியைப் பிரிந்திருத்தல் கூடாது என்பது கற்பியல் கூறும் விதி. கருவுறுதல் இதன் நோக்கம் என்பர் உரையாசிரியர். பேச்சு வழக்கில் தீட்டு, தூரம், வீட்டுவிலக்கு ஆகிய சொற்கள் வழங்குகின்றன. மாதவிலக்கு என்ற சொல்லிலேயே விலக்கிவைத்தல் அடங்கியுள்ளது. விலக்கும் பழமையானதே: பொன்முடியார் பாடிய புறநானூற்று 299ஆம் பாடலில், முருகன் கோட்டத்தில் கலங்களைத் தொடாது நிற்கும் மகளிர் உவமையாக வருகின்றனர்.

பாதிரியார்களின் பதிவுகள்

பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா 1792இல் புதுச்சேரிக்கு வந்தார். இந்துக்களின் பழக்கவழக்கங்கள் பற்றிய அவரது நூல் 1816இல் ஆங்கிலத்தில் வெளியானது. பெண்கள் மூன்று நாட்கள் தனித்திருந்து நான்காம் நாள் நீராடித் தூய்மை பெறும் முறை அதில் இடம்பெற்றுள்ளது. நூலின் பெரும்பகுதி, 1779இல் புதுச்சேரியில் மறைந்த இயேசு சபைப் பாதிரியார் கேர்தூவின் எழுத்துகளிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை 1987இல் சில்வியா முர் நிறுவினார்.

இந்நூல் பெரிதும் பிராமணர் வழக்கங்களையே விவரிக்கிறது. அதனை எல்லாச் சாதியினருக்கும் சான்றாகக் கொள்வது பொருந்தாது. நாட்கூலிக்கு நாற்று நட்ட பெண்ணுக்கு மூன்று நாள் ஒதுக்கம் எளிதன்று. தீட்டுக்கான காரணமும் வேத மரபிலிருந்து வருவதே. இந்திரனைப் பற்றிய பிரமகத்திப் பாவத்தில் ஒரு பங்கைப் பெண்கள் ஏற்றதாகத் தைத்திரீய சங்கிதை கூறுகிறது.

பூப்பு நீராட்டு

மாதந்தோறும் மறைக்கப்படும் இதே நிகழ்வு, முதன்முறை மட்டும் ஊரறியக் கொண்டாடப்படுகிறது. தாய்மாமன் பச்சை ஓலையால் குச்சு கட்டுவார். பெண்ணுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் தருவர். பின்னர் மஞ்சள் நீராட்டும் சீர்வரிசையும் நடைபெறும். தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களிலும் இவ்விழா உண்டு. இலங்கையில் இது சாமத்தியச் சடங்கு எனப்படும்.

குச்சில் தங்குவது ஆபத்தாகவும் முடிந்துள்ளது. 2018 நவம்பரில் கஜா புயலின்போது, பட்டுக்கோட்டையை அடுத்த அணைக்காட்டில் தனிக் குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்த சிறுமி, தென்னை மரம் விழுந்து உயிரிழந்தார்.

மாற்றங்கள்

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் பெண்களும் ஆண்களைப் போலவே உடற்பயிற்சி பெற்றனர். உடற்பயிற்சிக்குப் பழகிய பெண் மாதவிடாய் நாட்களிலும் அதை நிறுத்தவேண்டியதில்லை என்று அன்னை மிர்ரா அல்ஃபாசா அறிவுறுத்தினார். புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையிலுள்ள மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி கோயிலில், மாதவிலக்கு நாட்களிலும் பெண்கள் வழிபடலாம்.