எல்லையோரக் கதைகள் – மாஸ்தி என்றொரு ஊர், மாஸ்தி என்றொரு மனிதர்

1791 மார்ச்சில் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்த ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸ், ஜூலையில் ஓசூர்ப் பக்கம் படையைத் திருப்பிய கதையை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். எல்லையோர அத்திபெலேயில் நின்று பார்த்தால், சர்ஜாபுரம், மாலூர் கடந்து இன்னொரு ஊர் என்னை இழுக்கிறது. காரன்வாலிஸ் காத்திருக்கட்டும்.

அந்த ஊர் மாஸ்தி. கோலார் மாவட்டம், மாலூர் தாலுகாவில் தமிழக எல்லையை ஒட்டிய ஹோப்ளி எனும் குறுவட்டம். கணவனோடு தீப்பாய்ந்த மகாசதியின் பெயர்தான் தேய்ந்து ஊர்ப்பெயரானது என்பார்கள். கன்னட நாட்டில் அப்படிப்பட்டவர்களுக்கு நட்ட மாஸ்திக் கற்களில் ஒரு தூண் இருக்கும். அதிலிருந்து முழங்கை மடிந்து மேலெழும் பெண்ணின் கை. மணிக்கட்டில் வளையல், சில கற்களில் விரலிடுக்கில் எலுமிச்சம்பழம். எரித்ததைத் தெய்வமாக்கிய காலத்தை நான் மன்னிக்க மாட்டேன்.

இந்த ஊர்ப்பெயரைத் தாங்கிய குடும்பத்தில் 1891 ஜூன் 6 அன்று, அருகிலுள்ள ஹொங்கேனஹள்ளியில் பிறந்தவர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார். வீட்டில் பேசியது தமிழ், எழுதியது கன்னடம். மைசூர் அரசின் உயர்ந்த உத்தியோகத்தில் இருந்தவர், தனக்கு இளையவர் ஒருவருக்குப் பெரிய பதவி போனதும் வேலையை உதறிவிட்டு வெளியேறினார். ‘ஸ்ரீனிவாச’ என்ற புனைபெயரில் எழுதிய அவரைக் கன்னடர்கள் தங்கள் சொத்து என்றே கொண்டாடினார்கள். கவிபுரம் வீட்டிலிருந்து மாலையில் பசவனகுடி கிளப்புக்கு நடந்துபோய்ச் சீட்டாடுகிற பெரியவராகத்தான் அக்கம்பக்கம் அவரை அறிந்திருந்தது.

ஊரும் மனிதரும் ஒரே பெயரைத் தாங்கும் பொருத்தம் வேல்ஸ் நாட்டிலும் உண்டு. போவிஸ் என்பது அங்கே ஆடு மேயும் கிராமப்புற மாவட்டம். ஜான் கூப்பர், தியடோர், லூவெலின் என்ற மூன்று எழுத்தாள சகோதரர்களின் குடும்பப்பெயரும் அதுவே. பழைய அரசு ஒன்றின் பெயரைத் தூசிதட்டி 1974இல் அந்த மாவட்டத்தை அமைத்தபோது மூவருமே உயிரோடு இல்லை. மாஸ்தியின் கதை அப்படியல்ல. ஊர் முந்தியது, மனிதர் பிந்தியவர்.

1956இல் அவர் எழுதிய ‘சிக்கவீர ராஜேந்திர’ நாவலுக்காகவே இவ்வளவும் சொன்னேன். குடகின் கடைசி அரசன் சிக்கவீர ராஜேந்திரன். 1820இல் பட்டத்துக்கு வந்தவன் சொந்த பந்தங்களையே கொன்றான். குண்ட பசவன் என்பவனை மந்திரியாக்கி ஆட்டம் போட்டான். 1834இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மடிக்கேரிக்குள் நுழைந்ததும் எல்லாம் முடிந்தது. காசியில் சிறை வாழ்வு. பிறகு 1852இல் மகள் கௌரம்மாவோடு லண்டன். அங்கே அந்தச் சிறுமிக்கு ஞானஸ்நானம் நடந்தபோது விக்டோரியா ராணியே ஞானத்தாயாக நின்றார். குடும்பப் பணத்தைக் கேட்டுக் கம்பெனி மீது வழக்குப் போட்ட அரசன், 1859இல் லண்டனிலேயே இறந்தான்.

அவனை நாயகனாக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, ரத்தக்கறை படிந்தவன்தான். ஆனால் ‘குடிமக்களைக் காக்க வந்தோம்’ என்று சொல்லிக்கொண்டு நாட்டை விழுங்கிய கம்பெனிதான் பெரிய வில்லன். மாஸ்தி இரு தரப்பையும் தப்பவிடவில்லை. 1983ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் இந்த நாவலுக்காகத்தான் அவருக்கு வந்தது. 1986இல், பிறந்த அதே ஜூன் 6 அன்று மறைந்தார்.

ஓசூர்ச் சாலையில் தினமும் போய்வரும் வாசகர்களே, தமிழ் பேசிய வீட்டில் பிறந்த இந்தக் கன்னடரின் நாவலை ஒருமுறை படித்துவிடுங்கள். காரன்வாலிஸ் அடுத்த வாரம் ஓசூருக்குள் நுழைவார்.

(தொடரும்)