புளூடூத் பாதுகாப்பு இடர்களின் வரலாறு

புளூடூத் என்பது கணினி, கைபேசி, விசைப்பலகை போன்றவற்றைக் குறுகிய தொலைவில் கம்பியின்றி இணைக்கும் வானலைத் தொழில்நுட்பம் ஆகும். 1998-இல் எரிக்சன், ஐபிஎம், இன்டெல், நோக்கியா, தோசிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் இதற்கான கூட்டமைப்பைத் தொடங்கின. இவற்றுள் நோக்கியா, சென்னையிலிருந்து பூந்தமல்லியைக் கடந்து செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ள திருப்பெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை கைபேசிகளைத் தயாரித்தது.

கேபிர் புழு

2004 சூனில் கண்டறியப்பட்ட கேபிர் புழு, சிம்பியன் இயங்குதளக் கைபேசிகளில் புளூடூத் வழியே பரவியது. இந்தியாவிலும் இது காணப்பட்டது. அருகிலுள்ள கருவிகளை இடைவிடாது தேடியதால் மின்கலம் விரைவில் தீர்ந்தது. எனினும் பயனர் ஏற்று நிறுவினால் மட்டுமே இது தொற்றியது.

ஒப்புதல் வேண்டாத தாக்குதல்கள்

2017 செப்டம்பரில் ஆர்மிஸ் நிறுவனம் வெளிப்படுத்திய புளூபோர்ன் குறைபாடுகள் விண்டோசு, லினக்சு கணினிகளையும் ஆண்ட்ராய்டு கைபேசிகளையும் பாதித்தன. புளூடூத் இயங்கிக்கொண்டிருந்தாலே தாக்க முடிந்தது. இணையாக்கமோ பயனரின் ஒப்புதலோ தேவைப்படவில்லை. 2019-இல் வெளியான நாப் தாக்குதல், மறையாக்கத் திறவியின் வலிமையை ஒரு பைட்டாகக் குறைக்கலாம் எனக் காட்டியது. அதாவது, 256 வாய்ப்புகளைச் சோதித்தாலே திறவி கிடைத்துவிடும். இது தனியொரு கருவியின் பிழையன்று, தொழில்நுட்பத்தின் தரவரையறையிலேயே இருந்த குறை.

தற்காப்பு

குறுகிய தொலைவு மட்டுமே பாதுகாப்பாகாது. அம்பத்தூர், ஆவடி வழியாகச் செல்லும் நெரிசலான புறநகர் இரயிலில் பத்து மீட்டருக்குள் பலருடைய கருவிகள் இருக்கும். ஆகவே தேவையற்றபோது புளூடூத்தை அணைத்து வைப்பதும், இயங்குதள இற்றைப்படுத்தல்களை உடனுக்குடன் நிறுவுவதும், அறியாத இணைப்பு வேண்டுகோள்களை மறுப்பதும் இன்றியமையாதவை. இற்றைப்படுத்தல் நின்றுபோன பழைய கருவிகளில் இக்குறைகள் திருத்தப்படாமலே நீடிக்கின்றன.