பறக்கும் கப்பல்

கல்முனையிலிருந்து புறப்பட்டு இந்தோனீசியாவுக்கு விமானமேறும் ஒருவர், அந்நாட்டு மொழியிற் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களையேனும் கற்றுச் செல்ல விழைதல் இயல்பே. முகமன் கூறவும், வழி வினவவும், விலை கேட்கவும் அவை வேண்டும். ஆனால் அச்சிறு பாடத்தின் தொடக்கத்திலேயே அவர் வியப்படைவார். விமானத்தை அந்நாட்டார் இன்று 'பெசாவாத்' என்று மிகுதியாக வழங்குவர். எனினும் 'கப்பால் தெர்பாங்' என்னும் பழைய பெயரும் மறைந்துவிடவில்லை. தெர்பாங் என்றால் பறத்தல். கப்பால் என்பதோ தமிழின் கப்பலேயன்றி வேறன்று.

கப்பல் தனித்துக் கடல் கடக்கவில்லை. கடை அங்கே 'கெடாய்' ஆயிற்று. பெட்டி 'பெத்தி' எனவும், முதல் 'மோடல்' எனவும் ஒலிக்கின்றன. மாப்பிள்ளை என்பது 'மெம்பெலாய்' என மருவி, மணமகனோடு மணமகளையும் குறிக்கலாயிற்று. இதுகேட்டு மாப்பிள்ளைமார் மனம் வருந்த வேண்டியதில்லை. இவையெல்லாம் அரசவைச் சொற்களல்ல. சரக்கேற்றியவனும், கடை விரித்தவனும், சென்ற இடத்திற் பெண் கொண்டவனும் பேசிய சொற்கள். 1025 ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் ஸ்ரீவிசயத்தின்மீது கடற்படை செலுத்தியதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆயினும் மொழியில் நிலைத்தது படையன்று, வணிகமே. சுமாத்திராவின் மேற்குக் கரையில், கர்ப்பூரத்துக்குப் பெயர்பெற்ற பாருஸ் துறையை அடுத்த லோபு துவா என்னுமிடத்தில், 1088 ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. அது திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்தது. மரக்கலத் தலைவர்களைப் பற்றியும் அதிற் பேசப்படுகின்றது.

தமிழ் கொடுத்தது மட்டுமே என்று பெருமை பேசுவோர் தம் சமையலறையை ஒருமுறை நோக்குதல் நன்று. சம்பலும் தொதலும் மலாய் மொழி தந்த பெயர்கள், ரம்புட்டானும் அவ்வாறே. மருதமுனைத் தறிகளில் நெய்யப்படும் சாரமும் 'சாருங்' என்னும் மலாய்ச் சொல்லோடு உறவுடையது. ஒல்லாந்தர் காலத்தில் பத்தாவியாவும் கொழும்பும் ஒரே கும்பனியின் ஆட்சிக்குட்பட்டிருந்தன. சாவக மன்னன் மூன்றாம் அமங்குராத் 1708 இல் பிடிபட்டு இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டான். அக்காலத்தில் இங்கு வந்த போர்வீரரும் நாடுகடத்தப்பட்டோரும் இலங்கை மலாயரின் முன்னோராயினர். அம்மரபில் வந்த பாபா யூனுஸ் சல்தீன் 1869 இல் கொழும்பிலிருந்து 'அலாமத் லங்காபுரி' என்னும் மலாய்ப் பத்திரிகையை அரபு எழுத்தில் வெளியிட்டார்.

இவ்வுறவுக்கு மார்க்கம் இன்னொரு வழி. கிழக்கிலங்கை முஸ்லிம்களும் இந்தோனீசிய முஸ்லிம்களும் பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபினர். தமிழை அரபு எழுத்தில் எழுதுவது அரபுத்தமிழ். மலாயை அவ்வாறு எழுதுவது ஜாவி. 1572 இல் தமிழில் எழுந்த 'ஆயிர மசலா'வின் கதை மலாயிலும் சாவக மொழியிலும் வேறு வேறு வடிவில் வழங்கிவந்துள்ளது. ஆதலால், விமானத்தில் தன் இருக்கையைத் தேடும் கல்முனைப் பயணிக்கு அதன் பெயரைப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை: அது 'குர்சி'. ஆயத்துல் குர்ஸியை அவர் இளமையிலேயே மனனம் செய்தவர். நேரம் என்பதும் அவர் தொழுகைக்கு எண்ணும் வக்தே.

ஆனால் ஓசை ஒற்றுமையைக் கண்டு ஏமாறுதலும் உண்டு. இரவு வணக்கமாகிய 'செலாமத் மாலம்' என்பதிலுள்ள மாலம், தமிழின் மாலையன்று; அது அம்மொழிக் குடும்பத்துக்கே உரிய சொல். நலம் விசாரிக்கும் 'அப்பா கபார்' என்பதைக் கேட்டுக் கபுறை நினைத்து எவரும் திடுக்கிட வேண்டாம். அப்பா என்றால் 'என்ன'; கபார் என்பது செய்தியைக் குறிக்கும் அரபுச் சொல். கபுறுக்கு அங்கே 'குபூர்' என்று பெயர்.

காலையில் 'செலாமத் பாகி'. நன்றிக்குத் 'தெரிமா காசிஹ்', அதாவது அன்பைப் பெற்றுக்கொள்க என்பது. 'நான்' என்பதற்குரிய 'சாயா', துணைவனைக் குறிக்கும் 'சகாய' என்னும் வடசொல்லின் திரிபு. அடியேன் என்பது போன்ற பணிவு அதிற் புதைந்துள்ளது. விடைபெறும் முறைதான் புதியவரைத் தடுமாறச் செய்யும். இருப்பவர் போகிறவருக்குச் 'செலாமத் ஜாலான்' என்பார்; போகிறவர் இருப்பவருக்குச் 'செலாமத் திங்கால்' என்பார். முன்னது வழிநடை சிறக்க என்பது. பின்னது இருப்பு நலமாகுக என்பது. 'போய் வாருங்கள்', 'போய் வருகிறேன்' என்று இரு சொல் வைத்துள்ள தமிழருக்கு இந்நுட்பம் விளங்காமற் போகாது.

பயணிகளுக்கான கைந்நூல்களிற் பெரும்பாலும் இடம்பெறாத வாக்கியமொன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவின் மேற்குக் கடலில் எழுந்த பேரலை, முதலில் ஆச்சே மாநிலத்தை அழித்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற் கல்முனைக் கரையையும் தாக்கியது. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கரையோரத் தெருக்கள் இல்லாதொழிந்தன. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அத்துணை உயிர்களை இழக்கவில்லை. ஆச்சேயில் விமானத்தை விட்டிறங்கி நகரை நோக்கிச் செல்வோர், வழியிற் சிரோன் என்னுமிடத்தைக் கடப்பர். நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒருங்கே அடக்கப்பட்ட 'குபூர்' அது. அங்கே நிற்கும் கல்முனைவாசி சொல்லத்தக்கது, 'துருத் பெர்துக்கா சித்தா'. துக்கமும் சித்தமும் அவர் அறிந்த சொற்களே. 'துருத்' என்பதை மட்டும் அவர் கற்க வேண்டும். உடன் சேர்தல் என்பது அதன் பொருள்.