சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியின் தலைமை நிர்வாகமும் அங்கீகார நெருக்கடியும் (2012–2017)

சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரி, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள ஒரு சமுதாயக் கல்லூரி ஆகும். 1935ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இக்கல்லூரி, 2012 முதல் 2017 வரை தன் அங்கீகாரத்தை இழந்து மூடப்படும் அபாயத்தில் இருந்தது. கற்பித்தல் தரம் மோசம் என்பது இந்த நெருக்கடிக்குக் காரணம் அல்ல. கல்லூரியை யார் நடத்துகிறார்கள், முடிவுகளை யார் எடுக்கிறார்கள், நிதிக்கு யார் பொறுப்பு என்ற கேள்விகளே காரணம். ஒரு கல்லூரியின் மேல்மட்டத் தலைமை தடுமாறினால் சாதாரண மாணவர்களுக்கு என்ன நேரும் என்பதற்கு இவ்வரலாறு எடுத்துக்காட்டாக அமைகிறது.

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன?

பள்ளிப் படிப்புக்குப் பின் இரண்டு ஆண்டுக் கல்வியை அளிப்பவை அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகள். நுழைவுத் தேர்வு இல்லை. விரும்பிய எவரும் சேரலாம். இங்கு இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர்பவர்கள் உண்டு. தொழிற்பயிற்சி பெற்று வேலைக்குச் செல்பவர்களும் உண்டு. ஆங்கிலம் கற்கவரும் குடியேறியவர்கள், பாதியில் விட்ட படிப்பைத் தொடரும் முதியவர்கள் ஆகியோருக்கும் இவையே புகலிடம். சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியில் வயது வந்தோருக்கான ஆங்கில வகுப்புகள் கட்டணமின்றி நடந்துவந்தன.

தலைமை அமைப்பு

தொடக்கத்தில் இக்கல்லூரி நகரின் பள்ளிக்கல்வி நிர்வாகத்தின் ஓர் உறுப்பாகவே இருந்தது. முதல் தலைவரான ஆர்ச்சிபால்ட் கிளவுட் பள்ளிக்கல்வி அதிகாரியாகப் பணியாற்றியவர். சொந்தக் கட்டடம் இல்லாததால் நகரின் பல இடங்களில் வகுப்புகள் நடந்தன. மாணவர்கள் டிராம் வண்டிகளில் இடம்விட்டு இடம் சென்றதால் ‘டிராம் கல்லூரி’ என்ற பட்டப்பெயரும் ஏற்பட்டது. 1970இல் கல்லூரி பள்ளி நிர்வாகத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று.

அதன்பின் உருவான தலைமை அமைப்பு மூன்று அடுக்குகளைக் கொண்டது.

முதல் அடுக்கு அறங்காவலர் குழு. நகர வாக்காளர்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஏழு பேர் இதில் இருப்பர். மாணவர் பிரதிநிதி ஒருவரும் உண்டு. கொள்கையும் வரவு செலவுத் திட்டமும் இக்குழுவின் பொறுப்பு.

இரண்டாவது அடுக்கு சான்சலரும் அவருக்குக் கீழுள்ள துணைச் சான்சலர்களும் புலத் தலைவர்களும். தமிழ்நாட்டில் பல்கலைக்கழக வேந்தர் என்பது பெரும்பாலும் மதிப்புப் பதவி. இங்கே சான்சலர் அப்படி அல்ல. அன்றாட நிர்வாகம் முழுவதும் அவர் கையில்தான். அறங்காவலர் குழுவே அவரை நியமிக்கிறது, தேவைப்பட்டால் நீக்குகிறது.

மூன்றாவது அடுக்கு ஆசிரியர்களின் பங்கு. கலிஃபோர்னியா மாநிலம் 1988இல் இயற்றிய சட்டம் ஒன்று, பாடத்திட்டம் முதலிய கல்வி விவகாரங்களில் ஆசிரியர் பேரவையின் கருத்தைக் கேட்டே நிர்வாகம் செயல்பட வேண்டும் என்று விதித்தது. இதனைக் ‘கூட்டு ஆளுகை’ என்பர். இக்கல்லூரியில் துறைத் தலைவர்களுக்கென்று தனித் தொழிற்சங்கமே இருந்தது. மற்றக் கல்லூரிகளில் நிர்வாக அதிகாரிகள் செய்யும் வேலைகளில் பலவற்றை இங்கே துறைத் தலைவர்களான ஆசிரியர்களே பார்த்தனர். ஆசிரியர்கள் இதைத் தங்கள் கல்லூரியின் பெருமையாகக் கருதினர். வெளியிலிருந்து ஆய்வுக்கு வந்தவர்களோ இதையே குறையாகக் கண்டனர்.

நெருக்கடிக்கான காரணங்கள்

அமெரிக்காவில் கல்லூரிகளின் தரத்தை அரசு நேரடியாகச் சோதிப்பதில்லை. மத்தியக் கல்வித் துறையின் ஏற்பைப் பெற்ற தனியார் ஆணையங்கள் அதைச் செய்கின்றன. கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளுக்கு அப்பொறுப்பை ஏற்றிருந்தது ‘சமுதாய, இளநிலைக் கல்லூரிகளுக்கான அங்கீகார ஆணையம்’. அங்கீகாரம் போனால் மாணவர்களுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை கிடைக்காது. படித்த பாடங்களை வேறு கல்லூரிகள் ஏற்பது அரிதாகும். மாநில அரசின் நிதியும் நிற்கும். ஆகவே அங்கீகாரம் பறிபோவதும் கல்லூரி மூடப்படுவதும் நடைமுறையில் ஒன்றே.

ஆணையம் 2006இலேயே எட்டுப் பரிந்துரைகளைக் கல்லூரிக்கு அளித்திருந்தது. 2008இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியால் மாநில நிதி ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. அந்த ஆண்டுகளில் சான்சலராக இருந்த டான் கிரிஃபினும் அறங்காவலர் குழுவும், ஆட்குறைப்பைத் தவிர்த்து இயன்றவரை வகுப்புகளைத் திறந்துவைக்க முயன்றனர். ஏழை மாணவர்களை வெளியே தள்ளக்கூடாது என்பது அவர்கள் நிலைப்பாடு. ஆனால் அதற்கு விலையும் இருந்தது. செலவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சம்பளத்துக்கும் சலுகைகளுக்குமே போயிற்று. அவசரக் கையிருப்பு மிகவும் சுருங்கியது.

2012 ஜூலையில் ஆணையம் கடுமையான அறிவிப்பை வெளியிட்டது. 2006ஆம் ஆண்டுப் பரிந்துரைகள் முழுமையாக நிறைவேறவில்லை என்றும், மொத்தம் 14 குறைபாடுகள் உள்ளன என்றும், அங்கீகாரத்தை ஏன் நீக்கக்கூடாது என்பதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்றும் அது கூறியது. குறைபாடுகளில் பெரும்பாலானவை திட்டமிடல், நிதி, தலைமை, ஆளுகை பற்றியவை. நிர்வாகிகள் போதாது, முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பது தெளிவாக இல்லை என்பவை முக்கியக் குற்றச்சாட்டுகள். அப்போது கல்லூரியில் ஏறத்தாழ 90,000 மாணவர்கள் இருந்தனர்.

தலைமை மாற்றங்கள்

நெருக்கடி முற்றிய வேளையில் தலைமைப் பதவி கைமாறிக்கொண்டே இருந்தது. உடல்நலக் குறைவால் கிரிஃபின் 2012இல் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்குப் பமீலா ஃபிஷரும், அவரைத் தொடர்ந்து அதே ஆண்டின் இறுதியில் தெல்மா ஸ்காட்-ஸ்கில்மனும் இடைக்காலச் சான்சலர்களாக வந்தனர். 2013 இறுதியில் ஆர்தர் டைலர் நிரந்தரச் சான்சலராகப் பொறுப்பேற்று 2015இல் விலகினார். பின்னர் சூசன் லாம் இடைக்காலப் பொறுப்பு வகித்தார். 2017இல் மார்க் ரோச்சா நியமிக்கப்பட்டார். ஐந்தே ஆண்டுகளில் ஆறு பேர் அந்த நாற்காலியில் அமர்ந்துவிட்டனர். புதிதாக வந்த ஒவ்வொருவரும் கல்லூரியைப் புரிந்துகொள்வதற்குள் அடுத்தவர் வந்துவிடும் நிலை இருந்தது.

2012 அக்டோபரில் அறங்காவலர் குழு கல்லூரியின் குறிக்கோளையே சுருக்கியது. பல்கலைக்கழகத்துக்கு மாறுவோர், பட்டம் அல்லது சான்றிதழ் பெறுவோர், அடிப்படைத் திறனும் ஆங்கிலமும் கற்போர் ஆகியோருக்கு முதலிடம் தரப்பட்டது. வாழ்நாள் கல்வி முதலியவை பின்னுக்குத் தள்ளப்பட்டன. துறைத் தலைவர்களின் அதிகாரமும் குறைக்கப்பட்டு, நிர்வாக அதிகாரிகளிடம் கூடுதல் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. ஆசிரியர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தனர்.

இதே காலத்தில் ராபர்ட் அக்ரெல்லா சிறப்பு அறங்காவலராக நியமிக்கப்பட்டார். முதலில் குழுவின் முடிவுகளைத் தடுக்கும் அதிகாரம் மட்டுமே அவருக்கு இருந்தது. 2013 ஜூலை முதல் வாரத்தில், அடுத்த ஆண்டு ஜூலை 31 முதல் அங்கீகாரம் நீக்கப்படும் என்று ஆணையம் அறிவித்ததும் நிலைமை மாறியது. மாநிலச் சமுதாயக் கல்லூரிகளின் ஆளுநர் குழு, தேர்ந்தெடுக்கப்பட்ட அறங்காவலர்களின் அதிகாரம் முழுவதையும் அக்ரெல்லாவுக்கு வழங்கியது. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த எழுவர் செய்த வேலையை இப்போது நியமிக்கப்பட்ட ஒருவர் செய்தார். விரைவாக முடிவெடுக்க இது உதவும் என்று மாநிலச் சான்சலர் பிரைஸ் ஹாரிஸ் தரப்பு கருதியது. மக்களாட்சி முறை பறிக்கப்பட்டது என்று ஆசிரியர் சங்கமும் மாணவர்களும் போராடினர்.

வழக்கும் தீர்ப்பும்

2013 ஆகஸ்டில் இரண்டு நிகழ்வுகள் ஆணையத்துக்கு எதிராகத் திரும்பின. மத்தியக் கல்வித் துறை, ஆணையம் அனுப்பிய ஆய்வுக் குழுக்களில் ஆசிரியர்கள் போதிய அளவில் இல்லை என்று சுட்டிக்காட்டியது. ஆணையத் தலைவரின் கணவர் ஆய்வுக் குழு ஒன்றில் இடம்பெற்றது நடுநிலை பற்றி ஐயம் எழுப்புவதாகவும் கூறியது. அதே மாதத்தில் நகர அரசு வழக்கறிஞர் டென்னிஸ் ஹெரேரா ஆணையத்தின் மீது வழக்குத் தொடுத்தார்.

2014 ஜனவரியில் நீதிபதி கர்டிஸ் கார்னோ, விசாரணை முடியும்வரை அங்கீகாரத்தை நீக்கக்கூடாது என்று இடைக்காலத் தடை விதித்தார். கல்லூரி மூடப்பட்டால் மாணவர்களுக்கும் நகரத்துக்கும் ஏற்படும் இழப்பு ஈடுசெய்ய முடியாதது என்பது அதன் அடிப்படை. 2015 தொடக்கத்தில் வந்த தீர்ப்பில், ஆணையம் சட்டத்தை மீறியதாக அவர் கண்டறிந்தார். தன் முடிவுக்கு அடிப்படையான சில குறைகளைப் பற்றி விளக்கம் தர ஆணையம் கல்லூரிக்கு வாய்ப்பளிக்கவில்லை என்பது அவற்றுள் ஒன்று. எனினும் அங்கீகாரத்தை அவர் தாமே வழங்கிவிடவில்லை; குறைகளே இல்லை என்றும் சொல்லவில்லை. கல்லூரிக்கு உரிய வாய்ப்பைத் தர வேண்டும் என்றே உத்தரவிட்டார்.

இதற்கிடையில் 2015 ஜனவரியில் ஆணையம் குறைகளைச் சரிசெய்ய இரண்டு ஆண்டு அவகாசம் அளித்திருந்தது. அக்ரெல்லாவைத் தொடர்ந்து கை லீஸ் சிறப்பு அறங்காவலரானார். 2015இல் அதிகாரம் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவின் கைக்கு வந்தது. 2017 ஜனவரியில் ஆணையம் ஏழு ஆண்டுகளுக்கு முழு அங்கீகாரத்தை உறுதிசெய்தது.

விளைவுகள்

கல்லூரி பிழைத்தது. ஆனால் மாணவர்கள் திரும்பவில்லை. மூடப்படப்போகும் கல்லூரியில் சேர்ந்தால் படிப்பு வீணாகுமே என்ற அச்சத்தில் பலர் விலகினர். மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மாநில நிதி மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால் வருவாயும் சரிந்திருக்கும்; அதைத் தாங்கிப்பிடிக்க 2014இல் மாநில அரசு தனிச் சட்டம் இயற்றித் தற்காலிக உதவி அளித்தது. நகர மக்களும் கைகொடுத்தனர். 2012 நவம்பரிலேயே கல்லூரிக்கென நில வரி ஒன்றுக்கு வாக்களித்திருந்தனர். 2016இல் விலையுயர்ந்த சொத்து விற்பனை மீதான வரி உயர்வுக்கும் வாக்களித்தனர். இதையொட்டி, நகரவாசிகளுக்குக் கட்டணமில்லாக் கல்வி அளிக்கும் திட்டம் மேயர் எட் லீயின் காலத்தில் 2017இல் தொடங்கியது.

தலைமை பற்றிய பழைய கேள்வி மட்டும் தீரவில்லை. 2019 நவம்பரில், பற்றாக்குறையைக் காரணம் காட்டி நிர்வாகம் சுமார் 300 வகுப்புகளை இரத்து செய்தது. முதியோர் கல்வி உட்படப் பல வகுப்புகள் நின்றன, எதிர்ப்பு வலுத்தது. 2020இல் ரோச்சாவும் பதவியிலிருந்து விலகினார். 2008க்குப் பிந்தைய தலைமை வகுப்புகளைக் காக்க முயன்று கையிருப்பை இழந்தது. 2019ஆம் ஆண்டுத் தலைமை வரவு செலவைச் சரிக்கட்ட முயன்று வகுப்புகளை இழந்தது. எவரையும் சேர்த்துக்கொள்ளும் ஒரு கல்லூரி, வருவாய் குறையும் காலத்தில் யாருடைய வகுப்பை முதலில் நிறுத்துவது என்பதை வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த அறங்காவலர்களே இன்றும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.