பிள்ளைகளின் கல்லூரிச் செலவு யார் கடமை? நூல் நூற்ற தந்தையின் வரலாறு தரும் விடை

ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள், திருப்பூரின் பல முஸ்லிம் இல்லங்களில் மகிழ்ச்சியையும் கவலையையும் ஒருசேரக் கொண்டுவருகிறது. மகன் தேறிவிட்டான். இனி என்ன செய்வது? கல்லூரிக்கு அனுப்பினால் மூன்றாண்டுகள் செலவு. பனியன் கம்பெனிக்கு அனுப்பினால் வரும் சனிக்கிழமையே கையில் கூலி. வாடகை வீட்டில் வாழ்ந்து, இரண்டு பெண்மக்களின் திருமணத்தையும் எண்ணிக்கொண்டிருக்கும் தந்தைக்கு இது எளிய முடிவன்று.

பருவமடைந்து, உழைக்கும் வலிமையும் பெற்றுவிட்ட பிள்ளையின் மேற்படிப்புக்குச் செலவிடுவது பெற்றோர்மீது கடமைதானா? இந்த வினா நம் தலைமுறையில் தோன்றியதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, அதுவும் துணியும் நூலும் சார்ந்த குடும்பங்களிலேயே, இது எழுந்திருக்கிறது. அவ்வரலாற்றை அறிந்தால் நம் முடிவுகளும் தெளிவு பெறும்.

சட்டம் வகுத்த எல்லை

பிள்ளைகளுக்கு உணவு, உடை, உறைவிடம் அளிக்கும் பொறுப்பை மார்க்கச் சட்டம் 'நஃபகா' என்று அழைக்கிறது. சொந்தச் செல்வம் இல்லாத சிறுவர்க்கு அது தந்தையின் கடமை. மகளுக்குத் திருமணமாகும்வரை அக்கடமை நீடிக்கும் என்பது ஹனஃபி சட்ட நூல்களின் நிலைப்பாடு. மகனைப் பொறுத்தவரை, அவன் பருவமடைந்து உழைத்துப் பொருளீட்டும் ஆற்றல் பெற்றுவிட்டால் கடமை முடிந்துவிடுகிறது. ஆயினும் பிற்கால ஹனஃபி அறிஞர்கள் இதில் ஒரு விலக்கைக் கூறினர். கல்வியில் முழுமையாக ஈடுபட்டிருப்பதால் பொருளீட்ட இயலாத, ஒழுக்கமும் தகுதியும் உடைய மாணவனுக்குத் தந்தையே செலவளிக்க வேண்டும் என்றனர். அவர்கள் முதன்மையாக மனத்தில் கொண்டது மார்க்கக் கல்வியையே. இன்றைய கல்லூரிப் படிப்புக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பதை உலமாக்களிடம் கேட்டறிவதே முறை.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மாணவன் பொருளீட்டவில்லை என்பதைச் சோம்பலாகக் கருதாமல், கல்வியின் விலையாக அவ்வறிஞர்கள் கண்டார்கள். இந்தப் பார்வைக்குப் பின்னால் ஹனஃபி மத்ஹபின் தொடக்க காலத்திலேயே நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி உண்டு.

கூஃபாவின் துணி வணிகர்

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) கூஃபா நகரில் பட்டுக் கலந்த துணி விற்ற வணிகர். அவருடைய பாடவட்டத்தில் அபூயூசுஃப் என்ற ஏழை இளைஞர் அமர்ந்திருந்தார். அவர் வறுமையை வரலாற்றாசிரியர்கள் இருவகையாக அறிவிக்கின்றனர். ஓர் அறிவிப்பில், வசதி படைத்த அபூஹனீஃபாவைப் போல நாம் இருக்க முடியாது, நமக்குப் பிழைப்புத் தேவை என்று சொல்லித் தந்தை அவரைப் பாடவட்டத்திலிருந்து அழைத்துச் செல்கிறார். மற்றோர் அறிவிப்பில் தந்தை இறந்துவிட்டார். தாய் அவரைத் துணி வெளுக்கும் தொழிலாளியிடம் வேலைக்குச் சேர்க்கிறார். சிறுவரோ பட்டறைக்குச் செல்லும் வழியில் பாடவட்டத்தில் போய் அமர்ந்துகொள்கிறார். தாய் வந்து கையைப் பிடித்து இழுத்துச் செல்கிறார்.

அந்தத் தாயையோ தந்தையையோ நாம் குறைகூற முடியாது. அடுப்பெரிய வேண்டிய வீட்டின் நியாயம் அது. திருப்பூரின் சலவைப்பட்டறைகளுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் பலருடைய நியாயமும் அதுவே.

அபூஹனீஃபா (ரஹ்) என்ன செய்தார்? மாணவர் வராததன் காரணத்தை விசாரித்தார். நூறு திர்ஹம் கொண்ட பையை அவரிடம் கொடுத்தார். பாடத்தை விட வேண்டாம் என்றும், இது தீர்ந்ததும் தெரிவிக்கும்படியும் கூறினார். பின்னர், மாணவர் வாய் திறந்து கேட்கும் முன்னரே அடுத்த நூறு வந்து சேர்ந்தது. அந்த மாணவரே பிற்காலத்தில் ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமை நீதிபதியானார்; அரசின் வரி முறையைப் பற்றிய புகழ்பெற்ற நூலையும் எழுதினார். ஹிஜ்ரி 182இல் (கி.பி. 798) மறைந்தார்.

அந்த நூறு திர்ஹம் எதற்காகக் கொடுக்கப்பட்டது? கல்விக் கட்டணத்துக்காக அன்று. பாடத்துக்கு அங்கே கட்டணமே இல்லை. மாணவர் வேலைக்குப் போகாததால் வீடு இழந்த கூலிக்கு அது ஈடு. ஏழைக் குடும்பத்துக்குக் கல்வியின் பெருஞ்செலவு எங்கே இருக்கிறது என்பதை அந்தத் துணி வணிகர் சரியாக அறிந்திருந்தார்.

தூஸ் நகரில் நூல் நூற்றவர்

இரண்டாவது வரலாறு பாரசீகத்தின் தூஸ் நகரைச் சேர்ந்தது. அங்கே ஒருவர் கம்பளி நூல் நூற்றுத் தம் கடையில் விற்று வாழ்ந்தார். எழுதப்படிக்கத் தெரியாதவர். ஆயினும் அறிஞர்களின் அவைகளில் அமர்வதும், இயன்றதை அவர்களுக்குச் செலவிடுவதும் அவர் வழக்கம். மரணம் நெருங்கியபோது தம் இரு மகன்களையும், சிறிதளவு சேமிப்பையும் சூஃபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார். தாம் கல்லாமற்போனது பெருங்குறையாக மனத்தில் இருப்பதாகவும், அதை இவ்விருவரிடம் ஈடுசெய்ய விரும்புவதாகவும், சேமிப்பு முழுவதும் இதிலேயே தீர்ந்தாலும் தவறில்லை என்றும் சொல்லிச் சென்றார்.

நண்பர் அமானிதத்தைக் காத்தார். ஆனால் பணம் தீர்ந்தது. அவரும் ஏழை. ஒருநாள் அச்சிறுவர்களை அழைத்து உண்மையைச் சொன்னார்: உங்கள் பணம் முழுவதும் உங்களுக்கே செலவாகிவிட்டது, தம்மிடம் கொடுக்க ஒன்றுமில்லை, மாணவர்க்கு உணவளிக்கும் மதரஸா ஒன்றில் சேர்ந்துகொள்வதே இனி நல்லது என்றார். அவ்வாறே சேர்ந்தனர். மூத்தவர் முஹம்மது. அவரையே உலகம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) என்று அறியும். ஹிஜ்ரி 484இல் (கி.பி. 1091) பாக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவுக்குத் தலைமை ஆசிரியராக அவர் அமர்த்தப்பட்டார். இளையவர் அஹ்மதும் புகழ்பெற்ற சொற்பொழிவாளரானார்.

தந்தை தம்மிடம் இருந்ததைக் கொடுத்தார், இல்லாததற்காகக் கடன்படவில்லை. அவருடைய பணம் தீர்ந்த இடத்தில் ஒரு மதரஸாவின் கதவு திறந்திருந்தது. நிஜாமுல் முல்க் 1067இல் பாக்தாதில் திறந்த நிஜாமிய்யா போன்ற மதரஸாக்கள் வக்ஃபுச் சொத்துகளின் வருவாயில் நடந்தவை. மாணவர்க்குத் தங்குமிடமும் உதவித்தொகையும் அவற்றிலிருந்தே கிடைத்தன. அத்தகைய ஏற்பாடு இல்லாதிருந்தால், தூஸ் நகரின் அந்தச் சிறுவனும் கம்பளிக் கடைக்கே திரும்பியிருக்கக்கூடும்.

திருப்பூரின் ஏணி

இனி நம் ஊருக்கு வருவோம். திருப்பூரின் பின்னலாடைத் தொழில் 1925இல் குலாம் காதர் தொடங்கிய பேபி நிட்டிங் தொழிற்கூடத்தோடு பிறந்ததாக அத்தொழிலின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். இன்று உலகின் பல நாடுகளுக்கு ஆடை அனுப்பும் நகரத்தின் முதல் கண்ணி ஒரு முஸ்லிமின் முயற்சி என்பது நாம் நன்றியுடன் நினைக்க வேண்டிய செய்தி.

இந்நகரம் ஒரு தலைமுறைக்குக் கல்லூரியின் இடத்தையும் நிரப்பியது. கைமடியாக நுழைந்த சிறுவன் ஓவர்லாக் எந்திரத்தில் அமர்ந்தான், டெய்லரானான், கட்டிங் மாஸ்டரானான், சிலர் நான்கு எந்திரங்களோடு சொந்தமாகப் பவர்டேபிள் போட்டனர், மேலும் சிலர் ஏற்றுமதியாளராயினர். பட்டம் இல்லாமலேயே முன்னேறியோர் கண்முன் நடமாடும் ஊரில், படிப்புக்கு ஏன் செலவிட வேண்டும் என்று ஒரு தந்தை கேட்பதில் வியப்பில்லை. அவருடைய அனுபவம் பொய்யன்று.

ஆனால் அந்த ஏணியின் படிகள் இப்போது முன்போல் இல்லை. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டதும் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2020இல் கொரோனா ஊரடங்கு எந்திரங்களை நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது, கடல்கடந்த ஒரு முடிவு காதர்பேட்டைவரை கலக்கத்தைக் கொண்டுவந்தது. இத்தகைய வேளைகளில் முதலில் நிற்பது ஷிப்டுக் கூலி. அதே கம்பெனிகளுக்குள் மெர்ச்சண்டைசர், தர ஆய்வாளர், சாய ஆய்வகப் பணியாளர், கணக்காளர் ஆகிய இடங்களுக்குப் பட்டமோ பட்டயமோ கேட்கப்படுகிறது.

நம் சமுதாயத்தின் நிலையை 2006ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கை எடுத்துக்காட்டியது. இந்தியாவில் 20 வயதும் அதற்கு மேலும் உடையோரில் பட்டமோ பட்டயமோ பெற்றவர்கள் ஏறத்தாழ 7 விழுக்காடு. முஸ்லிம்களிடையே அது 4 விழுக்காட்டுக்கும் குறைவு.

தோல் தொழில் ஊர்கள் காட்டிய வழி

ஒரு தொழில் தரும் செல்வத்தைக் கல்வியாக மாற்ற முடியும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. தோல் பதனிடும் ஊரான வாணியம்பாடியில் 1919இலேயே இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. மேல்விஷாரத்தில் தோல் வணிகரும் கொடைவள்ளலுமான சி. அப்துல் ஹக்கீம் சாகிப் பெயரால் 1965இல் ஒரு கல்லூரி தோன்றியது. திருச்சியில் எம். ஜமால் முகமது சாகிப், என்.எம். காஜாமியான் ராவுத்தர் ஆகியோரின் கொடையால் 1951இல் ஜமால் முகமது கல்லூரி பிறந்தது. சென்னையில் நீதிபதி பஷீர் அஹ்மத் சயீத் 1955இல் பெண்களுக்கென்றே ஒரு கல்லூரியைத் தொடங்கினார். தங்கள் பிள்ளைகளுக்குக் கட்டணம் செலுத்தியதோடு அவர்கள் நின்றிருந்தால், பிறர் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பட்டம் பெற்றிருக்க இயலாது.

திருப்பூரில் இன்று நாம் புதிய கட்டடம் எழுப்பித்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியும், எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரியும் நகருக்குள்ளேயே உள்ளன. தனியார் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் அரசுக் கல்லூரிகளில் செலுத்த வேண்டிய தொகை மிகக் குறைவு. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு உண்டு. அரசுப் பள்ளியில் படித்த மாணவியர்க்குப் புதுமைப்பெண் திட்டமும், மாணவர்க்குத் தமிழ்ப்புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் வழங்குகின்றன. கதவு திறந்தே இருக்கிறது. ஆயினும் நம் பிள்ளைகளுள் பலர் உள்ளே செல்வதில்லை. அந்த 1,000 ரூபாய் சில நாள் ஷிப்டுக் கூலிக்கே ஈடாகும். மீதி நாள்களின் கூலியை யார் தருவார்? கூஃபாவில் அபூயூசுஃபின் தாய் கேட்ட கேள்வியும் இதுவே.

நம் முன் உள்ள கடமைகள்

வரலாறு தரும் விடையை இவ்வாறு தொகுக்கலாம். வசதியுள்ள பெற்றோர் பிள்ளையின் கல்லூரிச் செலவை ஏற்பது அவர்களுடைய பொறுப்புக்கு அழகு. வசதியற்றவர், தூஸ் நகரின் அந்தத் தந்தையைப் போல, இயன்றவரை கொடுத்தால் போதும். ஊரார் மெச்ச வேண்டுமென்று பெருங்கட்டணக் கல்லூரியைத் தேடி வட்டிக்குக் கடன் வாங்குவது எவர்மீதும் கடமையாக்கப்படவில்லை.

பிள்ளைகளிடையே நீதியும் வேண்டும். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்பு வழங்கிவிட்டு, அதற்குச் சாட்சியாக இருக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை வேண்டினார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறு வழங்கினீரா என்று நபியவர்கள் வினவினார்கள். இல்லை என்றறிந்ததும் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். தேவைக்கேற்பச் செலவிடுவதும் அன்பளிப்பும் ஒன்றல்ல என்று அறிஞர்கள் வேறுபடுத்துவர். இருப்பினும் தம்பியின் பொறியியல் கல்லூரிக்காக அண்ணன் எந்திரத்தில் அமர்த்தப்படும் வீடுகளும், அக்காவின் செக்கிங் கூலி கட்டணமாகும் வீடுகளும் நம்மிடையே உண்டு. அந்த அண்ணனின் கல்விக்கும், அக்காவின் உழைப்புக்கும் அந்த வீடு என்ன பதில் வைத்திருக்கிறது என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். பட்டம் பெற்று வேலைக்குச் செல்லும் தம்பியும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாணவனுக்கும் பங்குண்டு. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் தாய் கணவனை இழந்தவர். ஆசிரியருக்குக் கொடுக்க அவரிடம் ஒன்றுமில்லை. ஆசிரியர் இல்லாத நேரத்தில் பிற சிறுவர்க்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தம் கல்விக்கு ஷாஃபிஈயே ஈடுசெய்தார். எலும்புத் துண்டுகளில் குறிப்பெழுதினார். பெற்றோரின் பணம் அமானிதம் என்று உணரும் பிள்ளை வகுப்பை வீணாக்க மாட்டான்.

இறுதியாக ஜமாஅத்தின் பொறுப்பு. பெற்றோரின் பணம் தீரும் இடத்தில் சமுதாயத்தின் பணம் தொடங்க வேண்டும். மஹல்லாவில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பிள்ளைகளின் பட்டியலை ஜமாஅத் எடுக்கலாம். கூலி இழப்பால் கல்லூரிக்குச் செல்ல இயலாதவர் எத்தனை பேர் என்று அறியலாம். ஸகாத் பெறத் தகுதியுள்ள ஏழை மாணவரின் கையிலேயே ஸகாத்தை வழங்கலாம். மற்றவர்க்கு பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் அளிக்கலாம். கம்பெனி நடத்தும் சகோதரர் ஒருவர் ஒரே ஒரு மாணவரின் வீட்டுக்கு மூன்றாண்டுகள் மாதந்தோறும் ஒரு தொகை கொடுத்தாலும், அது அந்த நூறு திர்ஹத்தின் வழியில் செல்லும் கொடையாகும்.

அடுத்த ஆண்டு தேர்வு முடிவுகள் வரும்போது, மகனை எங்கே அனுப்புவது என்ற கவலையைத் தந்தை ஒருவரே தனியாகச் சுமக்காத நிலையை நம் மஹல்லாக்களில் வல்ல இறைவன் ஏற்படுத்தித் தருவானாக! ஆமீன்.